டான்யூபில் வடம் பிடித்த மார்கழி

ஆறு காணாமல் போனது மார்கழி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி சுமாருக்கு. கப்பலின் சமையற்கட்டில், இந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது என்று ஒரு கட்சியும், கம்பளி போர்த்தி வைத்தால் புளிக்கும் என்று ஒரு கட்சியும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்த நேரம். சத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. நேற்று வரைக்கும் கப்பலின் விலாவைத் தட்டிக்கொண்டு கால் மைல் அகலத்துக்குப் பெருகிப் போய்க்கொண்டிருந்த டான்யூப், படுக்கையைக்கூடச் சுருட்டாமல் எழுந்து போன விருந்தாளி மாதிரி, மணலையும் கூழாங்கல்லையும் நாலைந்து பழைய சைக்கிளையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டது. அடி தட்டையான அந்தக் கப்பல் அலுங்காமல் குலுங்காமல் அம்மிக்கல்லை வைத்தது போல ஆற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

முப்பது வருஷம் அந்த ஆற்றிலேயே கிடந்த கேப்டன் லாஸ்லோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மேல்தளத்துக்கு வந்து எட்டிப் பார்த்த முப்பத்தோரு பயணிகளும் அப்படி நிற்கவில்லை. மதுரையிலிருந்து பரமக்குடி வரைக்கும் வைகைக் கரையிலேயே பிறந்து வளர்ந்த சனம் அது. குளிர்காலத்தில் அந்தக் கப்பலுக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை என்பதால் முழுக் கப்பலும் அவர்களுக்கே விடப்பட்டிருந்தது.

"வத்திருச்சா?"

"வத்திருச்சு."

"சரி, காபி போட்டாச்சா?"

அவ்வளவுதான் அவர்கள் பட்ட ஆச்சரியம். ஒரே ஒருத்தி மட்டும் காபிக்குப் போகாமல் கம்பியைப் பிடித்து நின்றாள். அவள் பரமக்குடி பஞ்சவர்ணம். அறுபத்தாறு வயசு. இருபத்தொன்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, ஒரே குரலில் இருநூறு பிள்ளைகளைப் பந்தியில் உட்காரவைத்து எழுப்பிய தொண்டை. புருஷன் போன பிறகு ஆற்றோரத் தெருவில் ஒத்தையாகத்தான் இருந்தாள், இருக்கவும் பிரியப்பட்டாள். அதுதான் மகன் இளமாறனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடு, சென்னைக்கு வந்து எங்களோடு இரு என்று ஏழு வருஷமாக அரித்தெடுத்தான். ஐப்பசி மாதம் வந்திருந்தபோது பேச்சு முற்றி, "பஸ் ஸ்டாண்டுக்குப் போகவே ஆள் துணை தேடுற, ஒனக்கெல்லாம் எதுக்கும்மா தனி வீடு?" என்று கேட்டுவிட்டான்.

பஞ்சவர்ணம் அப்போது மிளகாய் வற்றல் உலர்த்திய செய்தித்தாளின் மேல்தான் நின்றிருந்தாள். அதில், மார்கழியில் ஐரோப்பா, பத்து நாள் நதிக்கப்பல், சுடச்சுட நம்மூர்ச் சாப்பாடு என்று ஒரு விளம்பரம். காலால் அதைச் சுட்டிக்காட்டி, "இதுல போயிட்டு வாரேன், பாக்குறியா?" என்றாள்.

"போ. அந்தப் பனியில முழுசாப் போயிட்டு வா. கப்பல்ல ஏறுனா கடைசி ஊர்லதான் நீ கால கீழ வைக்கணும். வச்சுட்டு வந்தேன்னா வீட்டப் பத்தி நான் பேசவே மாட்டேன். பாதியில ஏதாச்சும் சாக்குச் சொல்லித் திரும்பி வந்தியோ, சாவி ஏங்கைக்கு வந்துரணும்."

"எழுதிக் குடுக்கவா?"

"வேணாம். ஒன் வாய்ச்சொல்லு போதும்."

இப்படித்தான் அவள் வந்தாள். ஆறு நாள் கப்பலின் முகப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட், தலையில் குரங்குக் குல்லாய் என்று மூட்டையாக உட்கார்ந்து, இருமருங்கும் பனி பூத்த குன்றுகளும் கோபுர மாதாகோயில்களும் நகர்ந்து போவதைப் பார்த்தாள். மற்றவர்களெல்லாம் ஊருக்கு ஊர் இறங்கிக் கடை பார்த்து வந்தார்கள். அவள் இறங்கவில்லை, சொன்ன சொல் சொன்ன சொல்தான். நேற்றுச் சாயங்காலம் ஆறு அகன்று கடலாட்டம் விரிந்த இடத்தில் மட்டும் மனசு தாங்காமல், "ஆத்தாடி, எம்புட்டுத் தண்ணி! எம்புட்டுத் தண்ணி!" என்று இரண்டு தரம் சொல்லி, மூன்றாவது தரம் பெருமூச்சும் விட்டிருந்தாள்.

"நாந்தான் கண்ணு வச்சுட்டேன்" என்றாள் இப்போது, மெதுவாக.

மதுரை கீழமாசி வீதி அழகுசுந்தரம் பக்கத்தில் நின்றிருந்தார். பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் ஏறிய நாள் முதல் எஞ்சின் சத்தம் சரியில்லை என்று குறைசொல்லி வந்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒன்னய மட்டும் சொல்லாத தங்கச்சி. நானும் பாத்தேன். ஜன்னல் வழியா, பல்லு வெளக்கும்போது. இதுல பாதி இருந்தா மேலூர் வரைக்கும் ரெண்டு போகம் பாய்ச்சலாமேன்னு நெனச்சேன்."

அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக முப்பத்தோரு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பார்க்காதவர், ஏங்காதவர், மனசுக்குள் ஒரு குடம் மொண்டு ஊருக்குக் கொண்டுபோகாதவர் ஒருவரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குக் காய்ந்த அறுபத்திரண்டு கண்கள் ஆறு நாளாக ஒரே ஆற்றின்மேல் விழுந்தால் அது என்ன ஆகும்? போய்விட்டது. காரணம் இவ்வளவுதான்; இதை யாரும் பெரிய விஷயமாக அப்புறம் பேசவும் இல்லை. உப்பும் மிளகாயும் எடுத்து, பஞ்சவர்ணம் தளத்தில் நின்றபடியே ஆற்றுப் படுகையை மூன்று சுற்றுச் சுற்றிக் கீழே எறிந்தாள். மிளகாய் மணலில் விழுந்து கிடந்தது. ஆறு வரவில்லை.

வந்தது டூர் மேனேஜர் கிளாட்வின். நாகர்கோவில்காரர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார், அந்தக் குளிரிலும்.

"எல்லாரும் பெட்டியக் கட்டுங்க. பயணம் ரத்துன்னு ஆபீஸ்ல சொல்லியாச்சு. மத்தியானம் பஸ் வருது, நாளைக்கு பிளேன்."

"நான் வரல தம்பி" என்றாள் பஞ்சவர்ணம்.

"அம்மா, ஆறு இல்லம்மா."

"கப்பல் இருக்குல்ல?"

"ஆறு இல்லாமக் கப்பல் எப்படிம்மா போகும்? புடாபெஸ்ட்டுக்கு இன்னும் எவ்ளோ தூரம் கெடக்கு!"

"அது கப்பல் பாடு, ஒம்பாடு. எனக்குக் கடைசி ஊருன்னுதான் பேச்சு. இது கடைசி ஊரா? இல்லல்ல? அப்ப எங்காலு கீழ படாது." நாற்காலியை முகப்புக் கம்பியோடு ஒட்டிப் போட்டு, முந்தானையால் தன்னையும் கம்பியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் பஸ் வந்து கரையில் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அழகுசுந்தரம் அந்த ஹாரனைக் கேட்டு முகத்தைச் சுளித்து, "பஸ்ல போறதுக்கா நான் பஸ்ஸ விட்டு ரிட்டயர் ஆனேன்?" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார, அவர் சம்சாரம் உட்கார, அப்படியே ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பஸ் காலியாகத் திரும்பிப் போனது.

இதற்குள் வெர்தெலி சனம் வந்துவிட்டது. வெர்தெலி என்பது அந்தக் கரையில் இருந்த சின்ன ஊர், மிஞ்சிப்போனால் முந்நூறு வீடு. ஆணும் பெண்ணும் கறுப்புக் கோட்டு போட்டு, கையில் மெழுகுவர்த்தி பிடித்து, மேயர் இலோனா முன்னால் வர, வரிசையாகக் கரையில் வந்து நின்று வெறும் ஆற்றைப் பார்த்தார்கள். மாதாகோயில் மணி விட்டுவிட்டு அடித்தது.

"யாருய்யா செத்தது?" என்று அழகுசுந்தரம் கிளாட்வினைக் கேட்டார்.

"ஆறுதான்."

"அட, இதுக்கா? இறங்கி வரச் சொல்லு எல்லாரையும். ஆத்துல தண்ணி இல்லாட்டி ஆத்துக்குள்ள எறங்கணும்யா, கரையில நின்னு என்ன பண்ண?"

வற்றிய ஆற்றில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று அந்த ஊருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தரத் தெரிந்தவர்கள் முப்பத்தோரு பேர் அன்றைக்கு வந்து வாய்த்தார்கள். பஞ்சவர்ணம் முகப்பில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, "அந்த வளைவுல, கருப்பு மணலு தெரியுது பாரு, அங்க தோண்டு" என்றாள். நாலு பேர் சமையற்கட்டுக் கரண்டியும் வாளியும் கொண்டுபோய் முழங்கை ஆழம் தோண்ட, அடியில் கசிந்து, கலங்கி, தெளிந்து, கண்ணாடியாக ஊற்றுத் தண்ணீர் நின்றது. இலோனா குனிந்து ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு அவள் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு வீட்டுக்குப் போய் மண்வெட்டி எடுத்து வந்தாள்.

மறுநாள் ஆறு ஊராகிவிட்டது. கரைமேல் நடந்துகொண்டிருந்த கிறிஸ்துமஸ் சந்தை, சூடான திராட்சை ரசக் கடை, வறுத்த கடலைக் கடை, பிள்ளைகள் சுற்றுகிற குடை ராட்டினம் எல்லாம் திருவிழாவுக்கு வைகைக்குள் இறங்குகிற மாதிரியே மணலுக்குள் இறங்கிவிட்டது. எதிர்க்கரை வேறு தேசம். ஆறுதான் எல்லை. அறுபது வருஷமாகத் தண்ணீரைச் சாக்கு வைத்துப் பேசாதிருந்த சகலபாடிகள் இரண்டு பேர் நடு ஆற்றில் முட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் நலம் விசாரித்தார்கள். இரண்டு தேசத்துக் காவலர்களும் கோடு எங்கே என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் நடந்து பார்த்து, கடைசியில் ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தார்கள். கருவிகளோடு வந்த ஆராய்ச்சியாளர்கள் மண்ணை எடுத்துச் சீசாவில் அடைத்தார்கள். அவர்களையும் கிரிக்கெட்டில் ஒரு பக்கம் ஃபீல்டிங் நிற்கவைத்தார்கள் நம்மவர்கள். வெர்தெலிப் பெண்களுக்குக் குலவை போடக் கப்பலிலிருந்தே கற்றுக்கொடுத்தாள் பஞ்சவர்ணம். அந்தத் தேசத்து நாக்கு முதலில் மடங்கவில்லை. ஒரு தம்ளர் திராட்சை ரசம் குடித்த பிறகு மடங்கியது.

இவ்வளவு கலகலப்பிலும் கப்பல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சாயங்காலம் இளமாறன் வீடியோவில் வந்தான்.

"ம்மா, டிவியில காட்டுறான். ஆறே இல்லையாம்ல? போதும்மா, வந்துரு. நாளைக்கே டிக்கெட் போட்டுட்டேன்."

"வந்தா?"

"பேச்சு பேச்சுதானம்மா. பாதியில வந்தா சாவின்னு சொன்னேன்ல?"

"ஆறு ஓடிப்போனதுக்கு நானாடா பொறுப்பு?" என்று கேட்க வாயெடுத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். பொறுப்புதானே. கண் வைத்தவள் அவள்தானே. போனை அணைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, இருநூறு பிள்ளைகளைப் பந்திக்குக் கூப்பிடுகிற அதே குரலில், "அழகுசுந்தரம் அண்ணே!" என்றாள். ஆற்றுக்குள் கடலை தின்றுகொண்டிருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இரண்டு தேசத்துக் காவலர்களும் எழுந்து விறைப்பாக நின்றார்கள்.

"என்ன தங்கச்சி?"

"ஒங்க வகையறா சித்திரத் தேருக்கு முட்டுக்கட்ட போடுற வகையறாதான?"

"ஆமா. எங்கய்யா போட்டாரு, எங்க பெரியப்பா மகன் இப்ப போடுறான்."

"இது தேரவிடப் பெருசா?"

அழகுசுந்தரம் கப்பலை முனையிலிருந்து முனைவரை ஒரு நடை நடந்து பார்த்தார். குனிந்து அடியைப் பார்த்தார். கையால் தட்டிப் பார்த்தார். "பெருசுதான்" என்றார். "ஆனா தேருன்னா வீதி முக்குல திரும்பணும். இது நேராத்தான போகணும்?"

கிளாட்வின் இதைக் கேப்டனிடம் சொன்னார். கேப்டன் லாஸ்லோ தொப்பியை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டார். பிறகு தம் மொழியில் இலோனாவிடம் சொன்னார். இலோனா ஊராரிடம் சொன்னாள். ஒரு கிழவர் முன்னால் வந்து, தேர் தெரியாது, ஆனால் பனிக்காலத்தில் மலையிலிருந்து கல் இறக்கியது தெரியும், பாதையில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டால் மலையே வழுக்கிக்கொண்டு வரும் என்றார். அப்படித்தான் ஊற்றுத் தண்ணீரும் மார்கழிக் குளிரும் முட்டுக்கட்டையும் ஒன்றுசேர்ந்தன. கோடையில் இந்தக் காரியம் நடக்காது. எத்தனை டன், எத்தனை ஆள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையில் இடமில்லை. அவர்கள் சீசா வைத்திருந்த கூட்டத்தோடு போய் நிற்கலாம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கப்பல் கட்டுகிற கயிறுகளையே இரண்டு வடமாக நீட்டினார்கள். கப்பலைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு வடத்தை நம்மவர்களும், சிலுவை போட்டுக்கொண்டு மற்றதை ஊராரும் எடுத்தார்கள். பஞ்சவர்ணம் முந்தானை முடிச்சை அவிழ்த்து முகப்பில் எழுந்து நின்றாள். அவள் கால்தான் கீழே படக் கூடாதே, கை சும்மாவா இருக்கும்? சமையற்காரரின் சிவப்புத் துண்டை வாங்கி உயரத் தூக்கிப் பிடித்து ஒரே வீசு வீசினாள். "இழு!"

முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது இழுப்பில் கப்பல் ஒருமுறை முனகியது. மூன்றாவதற்குக் குலவை எழும்பி இரண்டு கரையிலும் மோத, கப்பல் அசைந்தது, நகர்ந்தது, வழுக்கியது, பனிப்பாதையில் மூக்கை ஆட்டிக்கொண்டு புறப்பட்டே விட்டது. பள்ளம் வந்தால் அழகுசுந்தரம் ஓடி ஓக் மரக் கட்டையைக் கொடுத்து நிறுத்துவார். சரிவு வந்தால் கட்டையைக் கோணலாகக் கொடுத்துத் திருப்புவார். "எல, ஏ ஒசந்த மனுசா, இடப்பக்கம் தளத்து, தளத்துன்னா தளத்தணும்!" என்று அவர் தமிழில் போட்ட அதட்டலெல்லாம் அந்தச் சனத்துக்கு அப்படியே புரிந்தது. ஊரெல்லை வந்ததும் வெர்தெலிக்காரர்கள் வடத்தைத் தரையில் வைக்காமல் அடுத்த ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தார்கள். அவர்கள் அடுத்த ஊருக்கு, அவர்கள் அதற்கடுத்த ஊருக்கு. ஓர் ஊர்க்காரர்கள் தங்களுக்கு வலது வடம் வேண்டும் என்று அடம்பிடித்துச் சண்டைக்கு வந்தார்கள்; அப்போதுதான் அழகுசுந்தரத்துக்கு இது உண்மையான தேரோட்டம் என்று மனசு நிறைந்தது.

இரண்டாம் நாள் ஆற்று இலாகா அதிகாரி ஒருவர் காரில் வந்து வழியை மறித்தார். தண்ணீரில்லாத இடத்தில் கப்பல் செலுத்த அனுமதி கிடையாது என்றார். கிளாட்வின் மேலே பார்த்து மொழிபெயர்த்தார்.

"தண்ணி இல்லாத எடத்துல ஆத்து இலாகாவுக்கு என்ன சோலின்னு கேளு" என்றாள் பஞ்சவர்ணம்.

கிளாட்வின் கேட்டார். அதிகாரி பதில் யோசித்துக்கொண்டே காரை ஓரம் கட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கோட்டைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு வந்து வடத்தைப் பிடித்தார்.

மூன்று நாள் இப்படி. பனி பெய்தது, நின்றது, பெய்தது. பஞ்சவர்ணத்தின் உதடு வெடித்தது, தொண்டை கட்டியது, துண்டு பிடித்த கை விறைத்து மடங்க மறுத்தது. உள்ளே போய்ப் படுங்கள் என்று கேப்டனே வந்து சைகை காட்டினார். அவள் அவருக்கு ஒரு தம்ளர் சுக்குக் காபியைக் கொடுத்து, இன்னொரு துண்டையும் கொடுத்து, இடப்பக்கம் நிற்கச் சொன்னாள். நின்றார்.

சனிக்கிழமை பிற்பகல் புடாபெஸ்ட்டின் பாலங்கள் தெரிந்தன. பாலத்தின் மேலெல்லாம் தலை. துறைக்கு இன்னும் இருநூறு கஜம்தான் இருக்கும். வடம் பிடித்தவர்கள் மூச்சு வாங்க நின்ற அந்தச் சமயத்தில்தான், பின்னால், வடக்கேயிருந்து, ஆயிரம் பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

ஆறு வந்துகொண்டிருந்தது. பாய்ந்து வரவில்லை. பந்தி முடிகிற நேரத்தில் வந்த சம்பந்தி மாதிரி, நுரையைக்கூட அடக்கிக்கொண்டு, படுகையின் இந்த ஓரமும் அந்த ஓரமும் தொட்டபடி கூச்சத்தோடு வந்து, கப்பலின் வாலுக்குப் பத்தடி பின்னால் தயங்கி நின்றது.

சனம் ஆரவாரம் செய்தது. கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சின் அறைக்கு ஓடப் பார்த்தார். வெர்தெலியிலிருந்து கூடவே நடந்து வந்திருந்த இலோனா பாலத்தடியில் முழங்காலிட்டாள். கிளாட்வின், "அம்மா, வந்துருச்சும்மா! இனி மிதந்தே போயிரலாம்!" என்று கத்தினார். அதே நேரம் பஞ்சவர்ணத்தின் மடியில் போன் அடித்தது. இளமாறன்தான். பின்னால் மருமகளும் பேரப்பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"ம்மா, லைவ்ல பாத்துட்டுதாம்மா இருக்கேன். தண்ணிதான் வந்துருச்சே, பேசாம மெதந்து போய் எறங்கும்மா. கை எப்படி வீங்கிருக்கு பாரு. நீ ஜெயிச்சுட்ட, நானே சொல்றேன். வீட்டப் பத்தி இனிப் பேசல. போதுமா?"

"நீ சொல்லி நான் ஜெயிக்கிறதுக்கா இம்புட்டுத் தொலவு வந்தேன்? எறங்கிட்டு நானே சொல்றேன், வையி" என்றாள். போனை இடுப்பில் செருகினாள்.

பிறகு கப்பலின் முகப்பிலிருந்து வால் வரைக்கும் அந்த நீளத் தளம் முழுக்க நடந்துபோய், பின்கம்பியைப் பிடித்துக் குனிந்து, கால் மைல் அகலத்துக்கு ஓசையடங்கி நின்ற டான்யூபைப் பார்த்தாள். இந்தத் தடவை ஏங்கிப் பார்க்கவில்லை. நேருக்கு நேர் பார்த்தாள்.

"வேணுங்கிறப்ப ஓடிப்போன. இப்ப வந்து நீ தூக்கிட்டுப் போய் எறக்கிவிட்டதா ஒரு பேரா? அங்கயே நில்லு."

ஆறு நின்றது.

பஞ்சவர்ணம் முகப்புக்குத் திரும்பி வந்தாள். சிவப்புத் துண்டு மேலே போனது. வடத்தில் கைகள் ஏறின. பாலத்திலிருந்து ஓடிவந்த நகரத்துக் கைகளும் ஏறின. அந்த இருநூறு கஜமும் இழுத்தே போனார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் கப்பல் ஓர் ஆள் நீளம் நகர, அது நகர்ந்த பிறகே ஆறும் ஓர் ஆள் நீளம் நகர்ந்து, பத்தடி இடைவெளி குறையாமல் பின்னாலேயே வந்தது. துறைக்கல்லில் கப்பல் மூக்கு உரசியது. அழகுசுந்தரம் கடைசிக் கட்டையைக் கொடுத்து, கையைத் தட்டித் தூசியை உதறினார். பலகை போட்டார்கள். பஞ்சவர்ணம் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் நீட்டிய கையையும் வாங்காமல், ஒவ்வோர் அடியாக இறங்கி, கடைசி ஊரின் கல்தரையில் வலதுகாலை வைத்தாள். இடதுகாலையும் வைத்தாள். இரண்டு காலும் அழுந்தப் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அப்புறம்தான் ஆற்றைத் திரும்பிப் பார்த்து, "ம், இப்ப வா" என்றாள்.